எஸ்பெராண்டோ படிக்க ஆசையா? ஆங்கில பயம் வேண்டாம்!

நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் பல மொழிகள் புதிதல்ல. முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. சுரங்கத்தின் ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. அடுத்த குவார்ட்டர்ஸில் தெலுங்கோ மலையாளமோ கேட்பது சகஜம்.

இப்படிப் பல மொழி பேசும் ஓர் ஊரில் வளர்ந்தவர்தான் சாமென்ஹாஃப். இன்றைய போலந்தில் உள்ள பியாலிஸ்டாக் அவர் ஊர். ரஷ்யன், போலிஷ், ஜெர்மன், யிட்டிஷ் பேசியவர்கள் அங்கே ஒருவரையொருவர் பகையோடு பார்த்தார்கள். அதைக் கண்டு வருந்திய அவர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழியை உருவாக்கி 1887-ல் வெளியிட்டார். அதுதான் எஸ்பெராண்டோ. அடிப்படை இலக்கண விதிகள் 16 மட்டுமே! கொல்கத்தாவில் பிறந்த மொழியியலாளர் ப்ரபால் தாஸ்குப்தா, 2007 முதல் 2013 வரை உலக எஸ்பெராண்டோ சங்கத்தின் தலைவராக இருந்தார்.

தமிழருக்கு எளிது

'லிப்ரோ' என்றால் புத்தகம். 'லிப்ரோய்' புத்தகங்கள். 'லிப்ரோய்ன்' புத்தகங்களை. 'கள்' வந்த பிறகு 'ஐ' சேர்வது போலவே ஒட்டுகள் வரிசையாக வருகின்றன. இன்னொன்று தெரியுமா? 'லிக்னோ' என்றால் மரக்கட்டை. நம்ம ஊர் நிலக்கரி 'லிக்னிடோ'!

எங்கே படிப்பது?

இணையத்தில் தேடினால் பெரும்பாலும் ஆங்கில வழிப் பாடங்களே வரும். தமிழ் வழியில் படித்த பலர் அங்கேயே பின்வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் இந்த வரிசையில் போகலாம்.

முதலில், 'மாஸி என் கொந்தோலாந்தோ' என்ற கார்ட்டூன். பிபிசியின் 'மஸி' ஆங்கிலப் பாடத்தின் எஸ்பெராண்டோ வடிவம் இது. படம் பார்த்தே அர்த்தம் பிடிபடும். குழந்தைகளோடு சேர்ந்து பார்க்கலாம்.

அடுத்து, 2002 முதல் இயங்கும் 'லெர்னு' இணையதளம். பாடம், பயிற்சி, அகராதி எல்லாமே இலவசம். ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்களுக்கு 2015-ல் வந்த டுவோலிங்கோ பாடமும் உண்டு. தினமும் பத்து நிமிடப் பயிற்சிக்கு அது நல்லது.

மூன்றாவதாக, க்ளோத் பிரோன் எழுதிய 'கெர்தா மலாபெரிஸ்'. காணாமல் போன பெண்ணைத் தேடும் மர்மக் கதை. கற்பவர்களுக்காகவே, எளிதில் தொடங்கி மெல்ல மெல்லச் சொற்களைக் கூட்டிக்கொண்டு போகும்.

ஐந்தாறு செயலிகளை டவுன்லோடு செய்து அடுத்த வாரமே மறந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பாடத்தைக் கண்ணால் படித்தால் மட்டும் போதாது, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்காதீர்கள். அதற்கான மொழி அல்ல இது. ஆனால், 'எனக்கு இங்கிலீஷே வராது' என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளை, தானே முயன்று ஒரு வேற்று மொழிக் கதையைப் படித்து முடித்தால்? 'எந்த மொழியும் எனக்கு வரும்' என்ற தைரியம் பிறக்கும். அந்த தைரியத்தோடு மறுபடி ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கட்டுமே!