சரக்கின் பிறப்பிடமும் ஆணையின் நேரமும்

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூர்ச் சீமையில், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் சாலையில் அமைந்தது பங்காருபாளையம். மாங்காய் மண்டிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே நாட்டு மருந்துக் கடைக்கு வரும் ஒரு பாட்டி, அஜீரணத்துக்கு இந்துப்பு கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதன் வடமொழிப் பெயர் சைந்தவம். சிந்து நாட்டுச் சரக்கு என்பதே அதன் பொருள். அதற்குப் புகழ்பெற்ற கேவ்ராச் சுரங்கம் இன்று பாகிஸ்தானில் உள்ளது. 1947க்கு முன் அந்த உப்பு எல்லை எதையும் கடவாமல் இங்கு வந்து சேர்ந்தது. பின்னரோ இரண்டு அரசாங்கங்களின் இசைவு வேண்டியதாயிற்று. அந்த இசைவு அளிக்கப்படுவதும் மறுக்கப்படுவதும் எவ்வாறு என்பதையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

பிரிவினைக்குப் பின் சில மாதங்கள் சரக்குகள் சுங்கமின்றியே சென்றுவந்தன. 1948 மார்ச்சு முதல் சுங்க விஷயத்தில் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று அயல்நாடுகளாயின. 1949ல் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாகிஸ்தான் குறைக்கவில்லை. அதனால் வாணிபம் முடங்கி, 1951 ஒப்பந்தத்தால் மீண்டது. 1965 யுத்தத்தில் மறுபடியும் நின்று, 1975ல் மறுபடியும் தொடங்கிற்று.

1996ல் இந்தியா பாகிஸ்தானுக்கு 'மிகவும் விருப்பமான நாடு' என்னும் தகுதியை அளித்தது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: இப்பெயர் மயக்கம் தருவது. தனிச்சலுகை எதுவும் இதில் இல்லை. பிற நாட்டுச் சரக்குக்கு எவ்வளவு தீர்வையோ, அவ்வளவே உன் சரக்குக்கும் என்பதே இதன் பொருள்.

2019 பிப்ரவரி 14ஆம் நாள் புல்வாமாத் தாக்குதல் நிகழ்ந்தது. மறுநாள் அந்தத் தகுதி நீக்கப்பட்டது. 16ஆம் நாள், பாகிஸ்தான் சரக்குகளுக்கு 200 சதவீதத் தீர்வை விதிக்கும் ஆணை பிறந்தது. அது மின்னணு அரசிதழில் வெளியான நேரம் இரவு 8 மணி 46 நிமிடம். அதற்கு முன்னரே அட்டாரிச் சாவடியில் இறக்குமதிப் பத்திரங்களைத் தாக்கல் செய்திருந்த வணிகர்களிடமும் புதிய தீர்வை கேட்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வெளியிடப்படாத ஆணை முன்னேரத்துச் செயலைக் கட்டுப்படுத்தாது என்று 2020 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று. பகை நாட்டுச் சரக்கே ஆயினும், அதைக் கொணர்ந்தவன் நம் குடிமகன். அவனுக்குச் சட்டத்தின் காவல் உண்டு.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த கொலைகளுக்குப் பின் அட்டாரிச் சாவடி மூடப்பட்டது. மே 2ஆம் நாள் வெளிவந்த ஆணை, பாகிஸ்தானில் 'தோன்றிய அல்லது அங்கிருந்து அனுப்பப்பட்ட' சரக்கு அனைத்தையும் தடை செய்தது. இவ்விரண்டு சொற்களிலேதான் கண்காணிப்பின் உயிர் இருக்கிறது. 'அனுப்பப்பட்ட' என்பது மட்டும் இருந்தால், சரக்கைத் துபாயில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றித் தடையைத் தாண்டிவிடலாம். 'தோன்றிய' என்னும் சொல் அவ்வழியை அடைக்கிறது. ஆயினும் முயன்று பார்த்தவர்கள் உண்டு. துபாய் வழியாக வந்த சுமார் 1,115 டன் சரக்கை, 39 பெட்டகங்களில், வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் 2025 ஜூனில் கைப்பற்றியதாக அறிவித்தது. அதில் உலர்ந்த பேரீச்சையும் இருந்தது.

ஆகவே சுங்க அதிகாரி காகிதத்தை மட்டும் நம்புவதில்லை. பிறப்பிடச் சான்றிதழ், கப்பல் சென்ற வழி, பணம் சென்ற வழி ஆகிய மூன்றையும் ஒத்துப் பார்க்கிறார்.

இத்தடைகளின் சுமை யார்மேல் விழுகிறது? அட்டாரியில் மூட்டை தூக்கிப் பிழைத்த கூலியாளின்மேல் முதலில் விழுகிறது. நாட்டின் பாதுகாப்பு அதைக் கோரலாம். ஆனால் அவனுடைய இழப்பும் கணக்கில் வரவேண்டியதே. நம் பாட்டிக்கோ அவ்வளவு கஷ்டமில்லை. இமாசலப் பிரதேசத்து மண்டிச் சீமையிலும் பாறை உப்பு கிடைக்கிறது. பிற மாநிலங்களில் கடை வைத்து வாழும் நம்மவர்கள் மட்டும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். மலிவாக வரும் சரக்கைக் கண்டால், விலையைக் கேட்குமுன் அது பிறந்த ஊரைக் கேளுங்கள்.