8 நாடுகள் மட்டுமே வென்ற உலகக் கோப்பை... வெற்றிக்கு முன்பு சிந்திய கண்ணீர்!

1950, ஜூலை 16. பிரேசிலின் பவுரு நகரம். வீட்டு ரேடியோவில் உலகக் கோப்பைக் கால்பந்தின் கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, தேம்பித் தேம்பி அழுகிறார். அப்பா அழுது அதுவரை பார்த்திராத ஒன்பது வயது மகன், என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் போய் நிற்கிறான். 'அழாதீங்கப்பா, ஒருநாள் நான் உங்களுக்காக உலகக் கோப்பையை ஜெயிச்சுத் தர்றேன்' என்று ஆறுதல் சொல்கிறான்.

சின்னப் பையன் வாய்க்கு வந்ததைச் சொன்னான் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால், அந்தப் பையன்தான் பீலே!

1930-ல் தொடங்கி 2022 வரை 22 முறை ஆண்கள் உலகக் கோப்பை நடந்திருக்கிறது. ஃபிஃபாவில் 200-க்கும் மேற்பட்ட நாடுகள் உறுப்பினர்களாக இருந்தாலும், கோப்பையைத் தொட்டவை எட்டே எட்டு நாடுகள்தான். பிரேசில் 5 முறை, ஜெர்மனியும் இத்தாலியும் தலா 4 முறை, அர்ஜென்டினா 3 முறை, உருகுவேவும் பிரான்ஸும் தலா 2 முறை, இங்கிலாந்தும் ஸ்பெயினும் தலா ஒரு முறை. ஐந்து நாடுகள் ஐரோப்பா, மூன்று நாடுகள் தென் அமெரிக்கா. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் அரையிறுதியைத் தாண்டியதில்லை.

இந்த எட்டு நாடுகளின் கதைகளைப் புரட்டினால், பல வெற்றிகளுக்கு முந்தைய பக்கத்தில் ஒரு மோசமான தோல்வி இருக்கிறது.

அமைதியான மரக்கானா

பீலேவின் அப்பாவை அழவைத்த ஆட்டம், ரியோ டி ஜெனீரோவில் புதிதாகக் கட்டப்பட்ட மரக்கானா மைதானத்தில் நடந்தது. 1950-ல் நாக் அவுட் முறையில் இறுதிப் போட்டி கிடையாது. கடைசி நான்கு அணிகளும் தங்களுக்குள் மோத வேண்டும், அதிகப் புள்ளிகள் எடுக்கும் அணிக்குக் கோப்பை. பிரேசில் ஏற்கெனவே ஸ்வீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் துவைத்து எடுத்திருந்தது. உருகுவேயுடன் டிரா செய்தாலே போதும், சாம்பியன்!

கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேர் திரண்டிருந்தார்கள். இரண்டாம் பாதி தொடங்கியதும் பிரேசில் முதல் கோல் அடித்தது. 66-வது நிமிடத்தில் உருகுவேயின் ஸ்கியாஃபினோ அதைச் சமன் செய்தார். அப்போதும் பிரேசில் கையில்தான் கோப்பை. 79-வது நிமிடத்தில் வலது ஓரமாக ஓடிவந்தார் ஆல்சிடெஸ் கிஜியா. முதல் கோலுக்குச் செய்ததைப் போலவே இப்போதும் பந்தை நடுவே தள்ளிக் கொடுப்பார் என்று நினைத்து, பிரேசில் கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா ஓரடி நகர்ந்தார். கிஜியா பந்தைக் கொடுக்கவில்லை. கோல் கம்பத்துக்கும் பார்போசாவுக்கும் நடுவே இருந்த சின்ன இடைவெளியில் நேராக அடித்துவிட்டார். உருகுவே 2, பிரேசில் 1.

மரக்கானாவை அமைதியாக்கியவர்கள் மூன்றே பேர். போப், பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, அப்புறம் நான் என்று பின்னாளில் சொல்லிச் சிரித்தார் கிஜியா.

சட்டையே மாறியது

அன்றைக்கு பிரேசில் அணிந்திருந்தது வெள்ளை ஜெர்சி. தோல்விக்குப் பிறகு அந்த நிறமே ராசியில்லாததாகிவிட்டது. தேசியக் கொடியின் நான்கு நிறங்களும் இருக்கும்படி புதிய ஜெர்சி வடிவமைக்க ஒரு நாளிதழ் 1953-ல் போட்டி வைத்தது. உருகுவே எல்லையோரத்தைச் சேர்ந்த ஆல்டிர் கார்சியா ஷ்லீ என்ற டீன் ஏஜ் இளைஞர் ஜெயித்தார். அப்படிப் பிறந்ததுதான் இன்று உலகமே அடையாளம் கண்டுகொள்ளும் மஞ்சள் ஜெர்சி!

1958-ல் ஸ்வீடனில் நடந்த உலகக் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு பிரேசில் வந்தது. எதிரணி ஸ்வீடனுக்கும் மஞ்சள்தான் நிறம். அதனால் அன்றைக்கு பிரேசில் வீரர்கள் நீல ஜெர்சியில் இறங்கினார்கள். நிறம் எதுவானாலும் ஆட்டம் மாறவில்லை. 5-2 என வெற்றி. 17 வயது பீலே இரண்டு கோல்கள் அடித்தார். ஆட்டம் முடிந்ததும் அழுதது, இந்த முறை மகன்!

விழுந்தவர்கள் எழுந்த கதைகள்

1954-ல் மேற்கு ஜெர்மனிக்கும் இப்படித்தான். நான்கு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத ஹங்கேரி, லீக் சுற்றில் அவர்களை 8-3 என நொறுக்கியது. இரண்டே வாரத்தில் பெர்ன் நகரில் இறுதிப் போட்டி. மழை. அதே ஹங்கேரி. எட்டு நிமிடங்களுக்குள் 2-0 என முன்னிலை. ஆனால் முடிவில் 3-2 என ஜெயித்தது ஜெர்மனி. ஹங்கேரி இன்றுவரை உலகக் கோப்பையை வென்றதே இல்லை.

1993 நவம்பரில் பிரான்ஸுக்கு பாரிஸில் ஒரு ஆட்டம். பல்கேரியாவுடன் டிரா செய்தால் 1994 உலகக் கோப்பைக்குத் தகுதி. கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி வெளியேறியது. அன்று களத்தில் நின்ற திதியே தெஷாம்ப்ஸ், 1998-ல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். 2018-ல் பயிற்சியாளராக மறுபடியும் வென்றார்.

2010-ல் ஸ்பெயின் முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் தோற்றது. முதல் ஆட்டத்தில் தோற்ற எந்த அணியும் அதுவரை கோப்பையை வென்றதில்லை. ஸ்பெயின் வென்றது. நாக் அவுட்டின் நான்கு ஆட்டங்களிலும் 1-0 என்ற அதே கணக்கு!

2022-ல் அர்ஜென்டினாவுக்கும் முதல் ஆட்டம் சறுக்கியது. 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அணி, சவுதி அரேபியாவிடம் 2-1 எனத் தோற்றது. மெஸ்ஸிக்கு வலி புதிதல்ல. 2014 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தோற்றவர். 2016-ல் கோபா அமெரிக்கா இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்டு, தேசிய அணியிலிருந்தே விலகுவதாக அறிவித்துத் திரும்பி வந்தவர். கத்தாரில் பிரான்ஸை பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்றபோது அவருக்கு வயது 35.

மறுவாய்ப்பே கிடைக்காத ஒருவர்

தோல்விக்குப் பிறகு எல்லோருக்கும் இப்படி ஒரு 'அடுத்த முறை' கிடைத்துவிடவில்லை.

1950 வரை தென் அமெரிக்காவின் சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர் பார்போசா. அந்த ஒரு கோலுக்குப் பிறகு மொத்தப் பழியும் அவர் தலையில் விழுந்தது. தேசிய அணியின் கதவு கிட்டத்தட்ட மூடிக்கொண்டது. ஓய்வுபெற்ற பிறகு, வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட அதே மரக்கானாவிலேயே வேலை பார்த்தார். பல ஆண்டுகள் கழித்து ஒரு கடையில் தன்னைப் பார்த்த பெண், 'பிரேசிலையே அழவைத்தவர் இவர்தான்' என்று தன் மகனுக்குக் கைகாட்டியதாக அவரே வேதனையோடு சொல்லியிருக்கிறார்.

1993-ல் பிரேசில் அணியின் பயிற்சி முகாமுக்கு வாழ்த்துச் சொல்லப் போனார். ராசியில்லை என்று உள்ளே விடவில்லை. அதற்குள் பிரேசில் மூன்று முறை உலகக் கோப்பையை வென்றிருந்தது. அப்போதும் அவரை மன்னிக்க மனம் வரவில்லை! பிரேசிலில் அதிகபட்சத் தண்டனையே 30 ஆண்டுகள்தான், நான் 50 ஆண்டுகளாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருடைய ஆதங்கம். 2000 ஏப்ரலில் இறந்துபோனார்.

அவரைத் தாண்டி கோல் அடித்த கிஜியா 88 வயது வரை வாழ்ந்தார். அவர் இறந்தது 2015, ஜூலை 16. மரக்கானா ஆட்டம் முடிந்து சரியாக 65 ஆண்டுகள்.

பிரேசிலின் மஞ்சள் ஜெர்சியில் இன்று ஐந்து நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு உலகக் கோப்பை. பார்போசா அணி தோற்றதால்தான் அந்த ஜெர்சியே வந்தது. அதைப் போட்டுக்கொண்டு உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு அவருக்கு ஒரு நாளும் வரவில்லை.