உஷார்! மாட்டுப் பண்ணைக் குதிரையில் ஏறப்போகிறீர்களா?

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பும் பிள்ளைகளே, அவர்களைப் பெற்றவர்களே, இதைத் தயவுசெய்து படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ‘ஒர்க் அண்ட் ஹாலிடே’ எனப்படும் 462-ஆம் பிரிவு விசா 2024 முதல் இந்தியர்களுக்கும் கிடைக்கிறது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு, ஆண்டுக்கு 1,000 இடங்கள், குலுக்கல் முறையில். இரண்டாம் ஆண்டும் தங்க நினைத்தால், முதல் ஆண்டில் மூன்று மாதமாவது குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட வேலைகளைச் செய்திருக்க வேண்டும். கால்நடைப் பண்ணை வேலையும் அதில் அடக்கம். ஹெலிகாப்டரும் மோட்டார் சைக்கிளும் வந்த பிறகும், அங்கே பல பண்ணைகளில் இன்றைக்கும் குதிரை மேல் உட்கார்ந்துதான் மாடு மடக்குகிறார்கள்.

“குதிரை ஏறத் தெரியுமா?” என்று கேட்பார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் “தெரியும்” என்று தலையாட்டிவிடாதீர்கள். அந்த ஒரு பொய் உயிரை வாங்கிவிடும்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2009 மார்ச் மாதம், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டப்போ நகரில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. பண்ணை வேலை கற்கும் ஆண்களை ஜாக்கரூ என்றும் பெண்களை ஜில்லரூ என்றும் அங்கே அழைப்பார்கள். இது ஜில்லரூ வகுப்பு. அதில் சேர்ந்திருந்த 18 வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது, சில மாதங்களுக்கு முன்புவரை பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த குதிரை. அது கட்டுக்கடங்காமல் ஓடியது. அவள் விழுந்தாள், இறந்துபோனாள். கற்றுக்கொள்ள வந்த இடத்தில், சொல்லிக்கொடுப்பவர்கள் சுற்றி நிற்கும்போதே நடந்த சாவு இது. அவளைப் பெற்றவர்கள் ஓயாமல் போராடினார்கள். அதன் பலனாக, அனுபவம் இல்லாதவர்களைக் குதிரையோடு பழகவிடும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று நாடு முழுமைக்குமான வழிகாட்டி 2014-இல் வெளிவந்தது.

பந்தயக் குதிரைக்கு என்ன கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்? முன்னால் பாய்வது, கூட்டத்தோடு ஓடுவது. மெதுவாக நட, நில், பின்னால் போ என்பதெல்லாம் அது புதிதாகப் படிக்க வேண்டிய பாடம். அதைப் படிக்காத குதிரையின் முதுகில், அதையே படிக்காத மனிதரை ஏற்றுவது குற்றம் என்றுதான் நான் சொல்வேன்.

குதிரைப் பயிற்சியின் அடிப்படை, அழுத்தமும் விடுவிப்பும். காலால் விலாவை அழுத்தினால் முன்னே போக வேண்டும். கடிவாளத்தை இழுத்தால் நிற்க வேண்டும். குதிரை சொன்னதைச் செய்த அந்தக் கணமே அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அது கற்றுக்கொள்வது அந்த விடுவிப்பில்தான். புதிதாக ஏறுபவர் என்ன செய்கிறார்? விழுந்துவிடுவோமோ என்று கால்களால் விலாவை இறுக்குகிறார், கைகளால் கடிவாளத்தில் தொங்குகிறார். ‘போ’ என்றும் ‘நில்’ என்றும் ஒரே நேரத்தில் கட்டளை. எதைச் செய்தாலும் வாயிலும் விலாவிலும் வலி குறையவில்லை. ஐந்நூறு கிலோ எடையுள்ள, மிரண்டால் ஓடித் தப்பிப்பதே இயல்பான ஒரு பிராணி, இந்தக் குழப்பத்துக்கு என்ன பதில் சொல்லும்? துள்ளி உதறும், அல்லது ஓடும். அதைக் ‘கெட்ட குதிரை’ என்று திட்டுவது அநியாயம்.

அதனால், முதல் நாளே உங்களைச் சேணத்தில் ஏற்றிவிடும் பயிற்சியாளரை நம்பாதீர்கள். நல்ல பயிற்சியாளர் முதலில் தரையில் நிற்க வைப்பார். கயிற்றைப் பிடித்து நடத்தவும், நிறுத்தவும், பின்னால் நகர்த்தவும், பின்னங்கால்களை ஒரு பக்கமாக விலகச் செய்யவும் பழக்குவார். பிறகு வட்டமான சிறு அடைப்புக்குள், வயதான, சாதுவான குதிரையில் நடை. ஒற்றைக் கடிவாளத்தால் தலையை ஒரு பக்கம் திருப்பி நிறுத்துவதை நடையிலேயே பலமுறை பழகிய பிறகுதான் வேகம். முழுப் பாய்ச்சலில் ஓடும்போது பதறிப்போய் அதைச் செய்தால் குதிரையே உங்கள் மேல் சரியும்.

மாடுகளிடம் போவது இதற்கெல்லாம் கடைசி. இங்கே இன்னொரு ஆபத்து இருக்கிறது, இது நல்ல குதிரையால் வருவது. நன்றாகப் பழகிய ஸ்டாக் ஹார்ஸ், அதாவது மாடு மடக்கும் குதிரை, கன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் உங்கள் கட்டளைக்குக் காத்திருக்காது. தானே சட்டென்று திரும்பி மறிக்கும். குதிரை இடப்பக்கம் போயிருக்கும். நீங்கள் தரையில் கிடப்பீர்கள்.

ஏறும் முன் சிலவற்றை நீங்களே பாருங்கள். அந்தக் குதிரையை உரிமையாளரோ பயிற்சியாளரோ உங்கள் கண்ணெதிரே ஓட்டிக்காட்டட்டும். வயிற்றுக் கச்சையை ஏறும் முன் ஒருமுறையும், சிறிது தூரம் நடந்த பின் மறுமுறையும் இறுக்குங்கள். கச்சை கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். வழவழப்பான அடியும் சிறு குதிகாலும் உள்ள பூட்ஸ் போடுங்கள். விளையாட்டு ஷூ அங்கவடிக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டால் குதிரை உங்களைத் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். கயிற்றைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள், விரல் போய்விடும். அகலத் தொப்பி வெயிலைத்தான் தடுக்கும்; தலையைக் காப்பது குதிரையேற்றத்துக்கென்று சான்று பெற்ற ஹெல்மெட். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். குதிரையின் நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாது. அங்கிருந்து ஓசையில்லாமல் நெருங்காதீர்கள்.

குவீன்ஸ்லாந்துப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. 1994-இல் பிரிஸ்பேனின் ஹெண்ட்ரா பகுதியில் ஒரு வைரஸ் வெளிப்பட்டது. நிபாவின் நெருங்கிய உறவு. பழந்தின்னி வௌவாலிடமிருந்து குதிரைக்கு, குதிரையிடமிருந்து மனிதருக்கு. இதுவரை தொற்றிய 7 பேரில் 4 பேர் இறந்துவிட்டார்கள். மனிதருக்குத் தடுப்பூசி இல்லை, குதிரைக்கு 2012 முதல் உண்டு. போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்; காய்ச்சலோ தள்ளாட்டமோ உள்ள குதிரையின் மூக்கருகே போகாதீர்கள். மாடு, ஆடுகளிடமிருந்து வரும் கியூ காய்ச்சலுக்கு அங்கே மனிதருக்கே தடுப்பூசி இருக்கிறது. அதற்கு முன் தோல், ரத்தப் பரிசோதனைகள் உண்டு என்பதால் வேலையில் சேரும் முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

பண்ணைகள் ஊரிலிருந்து பல மணி நேரத் தொலைவில் இருக்கும். அவசர எண் 000. பறக்கும் மருத்துவர் விமானம் வந்துசேரவும் நேரம் பிடிக்கும். கண்முன்னே கடும் ஆபத்து இருக்கிறது என்று நியாயமாகத் தோன்றினால் அந்த வேலையை நிறுத்திவிடும் உரிமையை அங்குள்ள தொழில் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தருகிறது. விசா கணக்குக்கு மூன்று மாதம் தேவை என்பதற்காக அந்த உரிமையை விட்டுக்கொடுக்காதீர்கள். தோட்ட வேலையும் பழம் பறிப்பதும்கூட அந்தக் கணக்கில் சேரும். “எனக்குத் தெரியாது, கற்றுக்கொடுங்கள்” என்று முதல் நாளே சொல்லுங்கள். கற்றுக்கொடுக்காமல் ஏறச் சொன்னால், ஏறாதீர்கள்.