வலிக்காத வீக்கம்

காசநோய் என்றதும் நெஞ்சும் இருமலும்தான் நினைவுக்கு வரும். அதே கிருமி இரத்தத்தில் ஏறிக் கண்குழிக்கும் போய்ச் சேரும். சிலருக்கு மூக்கையொட்டிய சைனஸ் அறைகளிலிருந்து எலும்பை அரித்துக்கொண்டு நுழையும். அரிதாக வருவதுதான். ஆனால் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, அரிது என்று சொல்லிக் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாது.

மருந்து வராத காலத்தில் இதன் போக்கு கொடியது. கண்ணின் வெளியோரம், கன்ன எலும்பு சேரும் இடத்தில் ஒரு வீக்கம் கிளம்பும். பெரும்பாலும் குழந்தைகளுக்கு. சூடும் வலியும் அதிகம் இருக்காது என்பதால் பற்றுப் போட்டுக் காத்திருப்பார்கள். ஒருநாள் உடைந்து சீழ் வடியும். ஆறியதுபோல மூடும், பக்கத்திலேயே இன்னொரு வாய் திறக்கும். அறுவை மருத்துவர் அரித்துப்போன எலும்பைச் சுரண்டி எடுப்பார். அதற்கு மேல் அவர் கையில் எதுவும் இல்லை. தழும்பு எலும்போடு ஒட்டி இமையை வெளிப்பக்கம் இழுத்துவிடும். பிறகு கண் முழுதாக மூடாது, கருவிழி உலர்ந்து புண்ணாகும். கிருமி தொடாத கண்மணியும் இப்படித்தான் பறிபோனது.

1882இல் ராபர்ட் காக் கிருமியைக் கண்டறிந்தும், அதைக் கொல்லும் மருந்துக்கு அறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் வைத்தியம். 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952இல் ஐசோநியசிட். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவர் அளவுக்குக் குணமாகும் என்று, சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு 1959இல் காட்டியது. நுரையீரல் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனால் உடம்பில் எங்கே காசநோய் வந்தவருக்கும் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது அதுவே.

இன்று சிடி ஸ்கேன் எலும்பு அரிப்பைக் காட்டிவிடுகிறது. சிறு துணுக்குச் சதையை எடுத்து, காசநோய்க் கிருமியைத் தேடும் சிபிநாட் கருவியில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் விடை. ஆனால் கண்குழிச் சதையில் கிருமிகள் மிகக் குறைவாகவே இருக்கும். ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் காசநோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் அப்படித்தான்.

இத்தனை வசதி வந்தும் தாமதம் தீரவில்லை என்பதுதான் என் ஆற்றாமை. முன்பு மருந்தில்லாமல் நாள் போனது. இப்போது சந்தேகம் வராமல் போகிறது. சாதாரணச் சீழ்த்தொற்று என்று ஆன்டிபயாடிக் ஒரு சுற்று, கேட்கவில்லை என்றால் ஸ்டீராய்டு. ஸ்டீராய்டில் வீக்கம் வடியும், எல்லோரும் நிம்மதியடைவார்கள், அடியில் கிருமி தடையில்லாமல் பெருகும். வாரக்கணக்கில் நிற்கும் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு எழுதுமுன் சதைப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்று கேட்கச் செலவே இல்லை.

நோய் உறுதியானால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். குறைந்தது ஆறு மாதம். அந்த மருந்துகளில் எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். வீக்கத்தால் ஏற்கெனவே நசுங்கிய நரம்புக்கு அது இன்னொரு சுமை. அதனால் தொடங்கும்போதும் இடையிடையிலும் பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் சோதிக்க வேண்டும். எழுத்து மங்கினாலோ சிவப்பு வெளுத்துத் தெரிந்தாலோ அன்றே டாக்டரிடம் போய்விட வேண்டும். வீக்கம் வடிந்துவிட்டதே என்று மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவும் கூடாது.