நோட்டில் ஏறாத பாடம்

"இன்னிக்கு டீச்சர் என்ன எழுதிப் போட்டாங்க?"

பள்ளி விட்டு வரும் பிள்ளை செருப்பைக் கழற்றுவதற்குள் நாம் கேட்டுவிடும் கேள்வி. "ஒண்ணும் எழுதல. பாட்டுப் பாடுனோம், குச்சி கட்டுனோம்" என்று பதில் வந்தால் அம்மாவின் முகம் மாறிவிடும். எதிர்வீட்டுப் பிள்ளை மெட்ரிக் பள்ளியிலிருந்து இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கும்போது, நம் பிள்ளை குச்சி கட்டிவிட்டு வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளின் ஒரு வாரம், நாம் படித்த காலத்து வாரம் போல இருப்பதில்லை. திங்கட்கிழமை பாட்டோடு உள்ளே நுழையும் எழுத்து, அடுத்து ஒரு கதையில் தலைகாட்டும். பிறகு களிமண்ணிலோ புளியங்கொட்டையிலோ உருவம் எடுக்கும். அதற்கப்புறம்தான் பயிற்சி நூலில் பென்சில் படும். வாரக் கடைசியில் அது யாருக்குப் பிடிபட்டது, யாருக்குப் பிடிபடவில்லை என்று ஆசிரியர் பார்ப்பார். நோட்டைப் புரட்டும் நம் கண்ணில் படுவது இதில் ஒரு படி மட்டும்தான்.

இப்படி வாரத்தை மாற்றிய திட்டத்தின் பெயர் 'எண்ணும் எழுத்தும்'. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளை ஒன்றாம் வகுப்பறையைப் பார்த்ததே இல்லை. அந்தப் பள்ளத்தைத் தூர்க்க, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்காக இருந்தது. மறு ஆண்டே நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீட்டினார்கள். ஆனால், பாயில் வட்டமாக உட்கார்ந்து படிப்பது இதற்கும் மூத்த பழக்கம். ஆந்திரத்து ரிஷி வேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல்தான் பிள்ளைகளை பெஞ்சிலிருந்து கீழே இறக்கியது.

வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் முதலில் குழப்புவது, யார் எந்த வகுப்பு என்பதே தெரியாததுதான். மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் இருப்பது பல ஊர்களில் சாதாரணம். சுவரோரமாகக் கதைக்களம், பாடல்களம், படைப்புக்களம் என்று மூலைகள். பிள்ளைகளை வகுப்பு வாரியாகப் பிரிக்காமல், ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கும் அடிப்படை மதிப்பீட்டை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். எழுத்து கூட்டவே தடுமாறும் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் அரும்புதான். பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். 'மக்கு பெஞ்ச்' என்ற வார்த்தையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த அருமை தெரியும். ஆனாலும் ஒன்றாம் வகுப்புத் தங்கையோடு ஒரே வட்டத்தில் உட்காரும் அண்ணனுக்கு அது எப்படி இருக்கும் என்பதை எந்தக் கையேடும் சொல்லித் தராது. அங்கே டீச்சரின் சாமர்த்தியம்தான் கைகொடுக்க வேண்டும்.

அம்மா முகம் சுளித்த அந்தக் குச்சிக்கு வருவோம்.

34 எழுதச் சொன்னால் சில பிள்ளைகள் 304 என்று எழுதும். இது மந்தம் அல்ல. 'முப்பத்தி' என்று காதில் விழுந்ததும் 30, 'நாலு' என்று விழுந்ததும் 4. காது கேட்டதைக் கை அப்படியே எழுதிவிட்டது. இதற்கு நூறு முறை இம்போசிஷன் கொடுத்தால் நூறாவது முறை சரியாக எழுதும். மறுநாள் 52ஐ 502 என்று எழுதும்.

எனவே துடைப்பத்தில் இருந்து உருவிய ஈர்க்குச்சிகளைச் சம அளவில் ஒடித்துக் கொடுக்கிறார்கள். பத்து சேர்ந்ததும் ஒரு ரப்பர் பேண்ட். மூன்று கட்டு, நான்கு உதிரி. கட்டுகளுக்கு ஒரு கட்டம், உதிரிக்கு ஒரு கட்டம். 304இன் நடுவில் நிற்கும் பூஜ்ஜியத்துக்கு அங்கே இடமே இல்லை. பிள்ளையே பார்த்து அதை அழித்துவிடும்.

அடுத்த நாள் 34இல் எட்டைக் கழிக்க வேண்டும். உதிரி நான்குதான் இருக்கிறது. "பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஏன் வாங்குகிறோம், வாங்கியது ஏன் பத்தாக மாறுகிறது என்று நாம் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை. இங்கே பிள்ளை ஒரு கட்டைப் பிரிக்கிறது. இப்போது உதிரி பதினான்கு. எட்டை எடுத்தால் ஆறு. இரண்டு கட்டு, ஆறு உதிரி: 26. கடனும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை.

தமிழ் வைத்திருக்கும் குழி ஒன்றும் உண்டு. இருபது, முப்பது என்று எண்பது வரை ஒழுங்காக 'பது' என்று வரும் பெயர், அதற்கடுத்து சட்டென்று தொண்ணூறு என்கிறது. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது. எண்பத்தொன்பது வரை ஓடி வந்த பிள்ளை அங்கே திகைத்து நிற்பதில் வியப்பில்லை. ஒன்பது கட்டுகளை எதிரே அடுக்கிவைத்தால், பெயர் என்னவாக இருந்தாலும் நூறாக இன்னும் ஒரு கட்டு வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இத்தனையும் சொல்லிவிட்டு வாரக் கடைசியை மறைப்பது நியாயமில்லை. மதிப்பீடு கைப்பேசிச் செயலி வழியாக நடக்கும் பள்ளிகளில், ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பதிவேற்ற வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால், மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்த்துக்கொண்டே சிக்னல் தேடுவார். மற்றப் பிள்ளைகள் அதுவரை சும்மா இருப்பார்களா? குச்சிகள் வாளாக மாறும். குச்சி தோற்பதில்லை, ஆள் பற்றாக்குறைதான் அதைத் தோற்கடிக்கிறது என்பது என் கணிப்பு. முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு, மூன்று நிலைகளை ஒரே நேரத்தில் நடத்தும் அறைக்குப் போதாது.

ஆசிரியர் மட்டுமல்ல, பிள்ளையும் தினமும் வர வேண்டும். அரும்பு நிலையில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நாள் விடுப்பு என்பது வரிசையில் ஒரு படி போனது போல. கதை கேட்காத பிள்ளைக்கு மறுநாள் எழுத்து அந்நியமாகத்தான் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவு, பிள்ளைகளை முதல் மணிக்கு முன்பே பள்ளிக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. கிழமையின் பெயர் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் கிச்சடி நாள் எது, பொங்கல் நாள் எது என்று தெரியும்.

இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டைத் தேடாதீர்கள். வீட்டுத் துடைப்பத்தில் ஐம்பது ஈர்க்குச்சி உருவி, நாலைந்து ரப்பர் பேண்டோடு பிள்ளை கையில் கொடுத்து, "நாப்பத்திரண்டு எடுத்து வை, அதுல அஞ்சை எடு" என்று சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.