வண்டிக் கூரைக்குச் சூரிய மின்பலகை: விலையா, திறனா?

பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது சோலார் பேச்சு அடிபடாத வீடு குறைவு எனலாம். வீட்டு மாடிக்கு எதை வாங்கலாம் என்று சொல்ல ஆள் உண்டு. வண்டிக் கூரைக்கு எது பொருந்தும் என்று சொல்பவர்தான் அரிது. மின்சார வேலையில் காலம் கழித்தவன் நான். என் தம்பிக்காகப் போட்ட கணக்கு மற்றவர்க்கும் பயன்படட்டும் என்று இம்மலரில் எழுதுகிறேன்.

தம்பி மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவன். வேலை முடிந்தால் லயத்து வீடும் போய்விடும் என்பது நம்மவர்க்குத் தெரிந்த கதைதானே. கொழிஞ்சாம்பாறையில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். சொந்தபந்தமெல்லாம் மலையில், போகவர ஒரு பழைய வேன் வாங்கி, படுக்கை போட்டு, சின்ன ஃபிரிட்ஜும் வைக்க நினைத்தான். ஃபிரிட்ஜ் ஆடம்பரத்துக்கு அல்ல. அவன் மனைவி இன்சுலின் போட்டுக்கொள்பவர். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

இப்படி வண்டியையே வீடாக்கும் வழக்கம் வெளிநாட்டில் பழையது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. 2022-ல் இடுக்கி மாவட்டம் வாகமணில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. அதன்பின் நம் பக்கத்திலும் ஆசை பிறந்துவிட்டது.

ஒருநாள் தம்பி போன் செய்தான். "அண்ணே, கடைக்காரர் இருபத்திரண்டரை பர்சன்ட் எஃபிஷியன்சி பலகை காட்டுறார். வளையுமாம், கூரையில ஒட்டிக்கலாமாம். விலைதான் மூணு மடங்கு. கிராஜுவிட்டி காசுல வாங்கிரட்டுமா?"

"பொறுடா, முதல்ல கூரையை அளந்து சொல்லு" என்றேன்.

திறன் என்றால் என்ன? நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1000 வாட் ஒளி விழுகிறது. 15 சதவீதத் திறனுள்ள பலகை அதில் 150 வாட்டை மின்சாரமாக்கும். 21 சதவீதம் என்றால் 210 வாட். ஆனால் இரண்டு பலகைகளிலும் 100 வாட் என்றே எழுதியிருந்தால் இரண்டும் தருவது ஏறத்தாழ ஒன்றுதான். திறன் குறைந்தது கூடுதல் இடம் பிடிக்கும், அவ்வளவே. ஆக, திறன் என்பது இடத்தைப் பற்றிய கேள்வி.

கொச்சி விமான நிலையம் 2015-ல் 12 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்தபோது சுமார் 45 ஏக்கர் நிலம் இருந்தது. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017-ல் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' படகுக்கோ, 20 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட மேற்கூரை மட்டுமே. அதற்குள் 20 கிலோவாட் அடங்க வேண்டியிருந்தது. நம் வண்டியும் படகின் சாதிதான்.

அடுத்து தேவை. ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு 600 வாட்-மணி, மின்விசிறிக்கு 240, விளக்குகளுக்கு 60, செல்போன் முதலியவற்றுக்கு 100. மொத்தம் 1000. நாளில் நான்கு மணி நேர முழு வெயில் என்றும், வழியில் 30 சதவீதம் வீணாகும் என்றும் கொண்டால், ஒரு வாட் பலகை 2.8 வாட்-மணி தரும். எனவே 360 வாட் தேவை.

தம்பியின் கூரையில் காற்றுப்போக்கியும் ஓரமும் போக மிஞ்சியது 2 சதுர மீட்டர். 360 வாட்டுக்கு 15 சதவீதப் பலகை 2.4 சதுர மீட்டர் கேட்கும், அடங்காது. 21 சதவீதப் பலகை 1.7-ல் அடங்கிவிடும். கடைக்காரர் காட்டிய 22.5 சதவீதம் 1.6 கேட்கும். அந்த 0.1 சதுர மீட்டரால் நமக்கு என்ன லாபம்?

விலையை உதாரணமாக வாட்டுக்கு 25, 35, 100 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 360 வாட்டுக்கு முறையே 9,000, 12,600, 36,000 ஆகிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குக் கூடுதலாகத் தரும் 3,600 ரூபாய்க்குப் பலன் உண்டு, ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடும். அதற்கு மேல் தரும் 23,400 ரூபாய் வெறும் பெருமைக்கு. கூரை பெரிதாக இருந்திருந்தால் முதலாவதையே வாங்கச் சொல்லியிருப்பேன்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பலகையில் எழுதிய வாட் 25 டிகிரி வெப்பத்துக்கு உரியது. பாலக்காட்டுக் கோடையில் பலகை 65 டிகிரிக்குச் சூடாகும். டிகிரிக்குச் சுமார் 0.35 சதவீதம் குறைவதால் 14 சதவீதம் போய்விடும். கூரையோடு ஒட்டும் பலகைக்கு அடியில் காற்றோட்டம் இல்லாததால் இன்னும் சூடாகும். சட்டம் போட்டு இரண்டு அங்குலம் உயர்த்திப் பொருத்துவதே நல்லது. நாம் 10 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் சாய்வு ஸ்டாண்டு அவசியமில்லை. படுக்க வைத்தாலே போதும்.

மூணாறில் சூடு இல்லை. ஆனால் மூடுபனியும் தோட்டத்துச் சில்வர் ஓக் மர நிழலும் உண்டு. பலகையின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே வரவு வெகுவாகக் குறையும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை. அப்போது எந்தத் திறனும் கைகொடுக்காது. வண்டி ஓடும்போதே இன்ஜினிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆகும் ஏற்பாடு வேண்டும்.

ஆகவே மிச்சமான பணத்தை எம்.பி.பி.டி. கன்ட்ரோலருக்கும் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரிக்கும் போடச் சொன்னேன். ஈய பேட்டரி விலை மலிவு. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். வண்டியில் மாற்றம் செய்யுமுன் மோட்டார் வாகன அலுவலகத்தில் அனுமதி கேட்பதும் மறக்கக்கூடாது.

அந்தச் சித்திரையில் உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு போய் நான்கு நாள் தங்கி வந்தார்கள். திரும்பியதும் தம்பி மனைவி சொன்னது: "மாமா, மருந்து கடைசிவரை சில்லுனே இருந்துச்சு."

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். பலகை வாங்கும் நம் சொந்தங்கள் முதலில் கூரையை அளக்கட்டும், பிறகு தேவையைக் கூட்டட்டும். கடைக்குப் போவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.