அப்பீலுக்குப் புது அத்தாட்சி

நோயால் வேலை செய்ய இயலாமற் போன ஒருவருக்கு, கேட்ட உதவிப் பணமும் மறுக்கப்பட்டால் அந்தக் குடும்பத்தின் கதி என்ன? அமெரிக்காவில் இத்தகைய தொழிலாளர்களுக்கு மாதந்தோறும் பணம் அளிக்கும் சட்டம் 1956-ம் வருஷத்தில் பிறந்தது. ஆனால் மனுச் செய்வோரில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைப்பது மறுப்புத்தான்.

மறுப்புடன் காரியம் முடிந்துவிடவில்லை. கடிதம் கிடைத்த 60 நாட்களுக்குள் அப்பீல் செய்துகொள்ளலாம். அப்போது பழைய காகிதங்களையே திரும்பக் கொடுத்துப் பயனில்லை. எந்தக் குறையைச் சொல்லி மறுத்தார்களோ, அதை நிரப்பும் அத்தாட்சி வேண்டும். "இவருக்கு முதுகுவலி" என்று டாக்டர் எழுதினால் போதாது. எவ்வளவு நேரம் உட்கார முடியும், எவ்வளவு பாரம் தூக்க முடியும் என்பதைப் பரிசோதனை முடிவுகளோடு எழுத வேண்டும்.

காலமும் கவனிக்கத்தக்கது. நீதிபதியின் விசாரணைக்குக் குறைந்தது 5 வேலை நாட்களுக்கு முன்பு அத்தாட்சியைச் சேர்ப்பிக்க வேண்டும். அது கைக்கு வராவிட்டால், இன்னது வரவிருக்கிறது என்றாவது தெரிவிக்க வேண்டும். தவறினால் தக்க காரணம் காட்ட நேரும்.

நீதிபதியும் மறுத்தால் மேலே அப்பீல் சபை உண்டு. அங்கே, தீர்ப்புத் தேதி வரையிலுள்ள உடல்நிலையைப் பற்றிய புது அத்தாட்சிதான் எடுபடும். அதுவும் தீர்ப்பை மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பின்னால் எழுதிய சீட்டானாலும் முந்திய நிலையை விளக்கினால் உதவும். பின்னர் முற்றிய நோயை மட்டும் சொன்னால் உதவாது.

நோயாளியின் வேதனை வீட்டாருக்குத் தெரியும். தீர்ப்பளிப்பவருக்கோ தஸ்தாவேஜுதான் தெரியும். ஆகவே மறுப்புக் கடிதம் வந்த அன்றே டாக்டரிடம் செல்லுங்கள் என்பதே நாம் சொல்லும் யோசனை.